விளக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. புது வீட்டில் பால் காய்ச்சத் தை மாதத்தில் நாள் குறித்துவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம். அன்றைக்கு ஹோமம் வளர்க்கலாமா, நடக்க ஆரம்பித்திருக்கும் பயலை வைத்துக்கொண்டு தினமும் குத்துவிளக்கு ஏற்றத்தான் வேண்டுமா, பேட்டரியில் மினுக்குகிற விளக்கை வைத்தால் குற்றமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம், ஆனால் பாதியில் உங்கம்மா வாங்கிக்கொள்வாள். தீயணைப்புத் துறையில் இருந்தவனிடம் விளக்கைப் பற்றிக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும். பயல் தூங்கும் நேரமாகப் பார்த்துப் படி.

பேட்டரி விளக்கில் குற்றம் ஒன்றுமில்லை. ஆள் இல்லாத அறையில் நெருப்பு எரிவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் உண்மையான விளக்கை ஏற்றுவதென்றால், அதை ஏற்றிய நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் கவனி. தீயைக் கும்பிட்ட இடம் எதிலும் அவர்கள் அதைச் சும்மா அலையவிட்டுக் கும்பிடவில்லை. திரிக்கு அகல் உண்டு. கற்பூரத்துக்குத் தட்டு உண்டு. ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிய குண்டம், பூக்குழிக்கு அளந்து வெட்டிய பள்ளம், விறகடுப்புக்கு மூன்று பக்கமும் மண்சுவர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். என் கணக்கில் தீக்கு இரண்டு குணம் கிடையாது. எரிபொருள், காற்று, சூடு மூன்றும் சேர்ந்தால் எரியும், ஒன்று போனால் அணையும். அதைக் காப்பதாகவும் அழிப்பதாகவும் ஆக்குவது நாம் கட்டுகிற எல்லையும் பக்கத்தில் வைக்கிற ஆளும்தான்.

திருவண்ணாமலை தீபத்தையே எடுத்துக்கொள். 2,668 அடி உயர மலை உச்சி, ஆளுயரச் செப்புக் கொப்பரை, நெய், காடாத் துணித் திரி. அடிமுடி காண முடியாத சோதியாகச் சிவன் நின்ற இடம் என்பது ஐதிகம். பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஒளி, சூடு தெரியாது. ஆனால் அந்தச் சோதி 11 நாள் எரிய, தலைமுறை தலைமுறையாக அந்த உரிமை உள்ள பருவதராஜ குலத்தார் நெய்யைச் சுமந்து ஏறி, திரி போட்டு, காற்றைப் பார்த்து, கூடவே நிற்கிறார்கள். கீழே நிற்பவர்களுக்குத் தெய்வம், மேலே நிற்பவர்களுக்கு வேலை.

நீ இருக்கும் மும்பைக்கு வடக்கே, குஜராத் கடற்கரையில் உத்வாடா இருக்கிறது. ஈரானிலிருந்து வந்து குடியேறிய பார்சிகளின் மிக உயர்ந்த தரத்துக் கோயில் நெருப்பான ஈரான்ஷா 1742 முதல் அங்கேதான் எரிகிறது. அந்தத் தரத்து நெருப்பை நிறுவ 16 வகை நெருப்பைச் சேகரிக்க வேண்டும். குயவன் சூளை, கொல்லன் உலை, மின்னல் விழுந்து பற்றிய நெருப்பு எல்லாம் அதில் உண்டு. பிணம் எரிந்த நெருப்பும் உண்டு. ஒவ்வொன்றையும் பலமுறை தூய்மை செய்து ஒன்றாக்குவார்கள். அழித்த நெருப்பைத் தள்ளிவைக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் பார், அது எனக்குப் பிடிக்கும். நாளுக்கு ஐந்து வேளை பூசாரிகள் கட்டை வைக்கிறார்கள், எச்சில் காற்று படாதபடி வாயைத் துணியால் மூடிக்கொண்டு. மற்ற மதத்தார் உள்ளே போக முடியாது, வாசல்வரை போய் வாருங்கள்.

இனி உன் வீட்டுக்கு வருவோம்.

குத்துவிளக்கைத் தரையில் வைக்காதே. பயலுக்கு நாலு வயது ஆகும்வரை சுவரில் உறுதியாக அடித்த தட்டில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில், காமாட்சி விளக்கோ சின்ன அகலோ போதும். மேலே 3 அடிக்காவது ஒன்றும் இருக்கக் கூடாது. காலண்டர், மாலை நாரின் நுனி, ஜன்னல் திரை, இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். சாமி படத்துக்குப் போட்ட மாலை இரண்டு நாளில் காய்ந்து சருகாகிவிடும், அன்றன்றைக்கு எடுத்துவிடு. விளக்குக்கு அடியில் விளிம்புள்ள பித்தளைத் தட்டு வை. வழியும் எண்ணெய் மரத்தட்டில் ஊறினால் அப்புறம் அந்தப் பலகையே ஒரு திரி.

எரிவது திரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திரி எண்ணெயை இழுத்து மேலே கொடுக்கிறது, நுனிச் சூட்டில் எண்ணெய் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. அதனால் திரி குன்றிமணி அளவு வெளியே நின்றால் போதும். நீட்டிவிட்டால் காற்று எரித்து முடிப்பதைவிட அதிகமாக ஆவி வரும், புகையும், சுவர் கறுக்கும். எண்ணெய் வற்றினால் இன்னும் மோசம். சுடர் திரியோடு பின்வாங்கி அகலுக்குள் இறங்கும், முழுத் திரியும் ஒரே வீச்சில் பற்றும், மண் அகலாக இருந்தால் சூட்டில் விரிசல் விடும். அரைமணி நேரம் எரிய எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்று ஒருநாள் பார்த்து வைத்துக்கொள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே விடு. புது மண் அகலை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவை, இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்து அடியில் கசியும். கடையில் ‘தீப எண்ணெய்’ என்று விற்பதை அடுப்படியில் வைக்கவே வேண்டாம், அது சமையலுக்கு ஆகாது.

குளிர வைக்கும்போது ஊதாதே. வாயால் ஊதக் கூடாது என்பதற்குப் பெரியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள், நான் சொல்வது சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்கும் என்பது. திரியைக் குச்சியால் எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் போதும்.

கற்பூரம் வேறு ஜாதி. சூடு பட்டால் நேரே ஆவியாகும், 65 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே அந்த ஆவி பற்றிக்கொள்ளும், சாம்பல் வைக்காது. மிச்சமில்லாமல் கரைவதால்தான் அகந்தை கரைய வேண்டும் என்பதற்கு அதை அடையாளமாக வைத்தார்கள். கற்பூரப் பெட்டியைத் தட்டின் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆரத்தி காட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதைவிட முக்கியம்: அது பிள்ளைகளுக்கு விஷம். மிட்டாய் என்று நினைத்து ஒரு சின்ன வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதே, உடனே ஆஸ்பத்திரி. பூட்டுகிற டப்பாவில், உயரத்தில் வை.

ஹோமம் வளர்க்கலாம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் தரை விட்ரிஃபைட் டைல்ஸ். அதன்மேல் நேராகத் தகர குண்டத்தை வைத்தால் சூட்டில் டைல்ஸ் வெடித்துச் சில்லு பறக்கும். முதலில் ஒரு வரிசை செங்கல், அதன்மேல் 2 அங்குலத்துக்குக் காய்ந்த ஆற்றுமணல், அதன்மேல் குண்டம். ஈர மணல் வேண்டாம், உள்ளே நீராவி கட்டும். செங்கலும் நனைந்ததாக இருக்கக் கூடாது. சமித்துகள் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், பச்சைக் குச்சிதான் புகையும். நெய்யைக் கிண்ணத்திலிருந்து சாய்க்காமல் நீளக் கரண்டியால் விடச் சொல், கிண்ணத்தோடு சாய்த்தால் சுடர் நெய்த்தாரை வழியே கைக்கு ஏறும். குண்டத்துக்கு நேர் மேலே ஃபேன், பந்தல் துணி, காகிதத் தோரணம் எதுவும் தொங்கக் கூடாது. கூடத்தில் புகை உணரி இருந்தால் சொசைட்டி ஆபீசில் முன்னாடியே சொல்லி வை. நீயும் மாப்பிள்ளையும் பருத்தியோ பட்டோ கட்டுங்கள். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பிய்த்தால் தோலோடு வரும். பூர்ணாகுதி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போகும் நேரம்தான் ஆபத்து, தணலை மறந்துவிடுவார்கள். இலை போட்டாலும் ஒருத்தர் குண்டத்தோடு இருக்கட்டும். அந்த வேலை எனக்கு.

பால் காய்ச்சுவதற்கு வருவோம். பொங்கி வழிந்தால் மங்கலம் என்பது விறகடுப்புக் காலத்து வழக்கம். அங்கே பால் வழிந்தால் தணல் சுர்ரென்று அடங்கும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் வழிகிற பால் பர்னரை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் குலவையிட்டு, போட்டோ எடுத்து, பாலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்பு வெறுமனே சீறிக்கொண்டிருக்கும். ஆகவே பால் விளிம்பைத் தொட்டதும் ஒரு கை குமிழில் இருக்க வேண்டும். வழியட்டும், உடனே மூடு. துளைகளைத் துடைத்துவிட்டு மறுபடி பற்றவை.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்குக்கு மேல். கசிந்தால் தரையோடு தண்ணீர் மாதிரி பரவி மேடைக்கு அடியில் தேங்கும். அதற்கு இயல்பாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். பத்துக்குப் பத்து சமையலறையில், பத்தடி உயரத்தில், அது கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ. உன் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடாதே, எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதே, இரண்டிலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படியே. குமிழ், ரெகுலேட்டர் இரண்டையும் மூடு, கதவு ஜன்னலைத் திற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா, வெளியே வந்து கேஸ் அவசர எண் 1906-க்குப் போன் பண்ணு. உங்கள் கட்டிடத்துக்குக் குழாய் கேஸ் வரப்போகிறது என்றாய். அது மீத்தேன், காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் சேரும். அதற்கு உயரத்தில் இருக்கும் ஜன்னல்தான் முக்கியம்.

சிலிண்டர் வந்ததும் மூன்று விஷயம் பார். கழுத்து வளையத் தகட்டில் உள்பக்கமாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ‘ஏ’ என்றால் மார்ச், ‘பி’ ஜூன், ‘சி’ செப்டம்பர், ‘டி’ டிசம்பர், இலக்கம் ஆண்டு. அந்த மாதம் தாண்டியிருந்தால் வாங்காதே, மறுசோதனைக்குப் போக வேண்டிய உருளை அது. வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று எட்டிப் பார். ரெகுலேட்டர் மாட்டியபின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகி பாத்திரத்தின் அடி கறுத்தால் காற்று போதவில்லை, பர்னரைக் கழற்றித் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. எண்ணெய் அப்போது 300 டிகிரிக்கு மேல் இருக்கும். தண்ணீர் அடிக்குப் போய் ஒரே நொடியில் நீராவியாகும், 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயைக் கூரைக்குத் தூக்கி அடிக்கும். அடுப்பை மூடு, பெரிய மூடியோ தாம்பாளமோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடு, சட்டியை நகர்த்தாதே. கால்மணி நேரம் திறக்காதே. ஆவலில் சீக்கிரம் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். வடை சுடும்போது பெரிய மூடி ஒன்று எடுத்த எடுப்பில் கைக்கு வரும்படி இருக்கட்டும்.

அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது வடலூர் ஞாபகம் வராமல் இருக்காது. 1867 மே 23-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசியையே அவர் ஒரு தீயாகத்தான் பார்த்தார். வயிற்றில் எரிகிற தீயை அடுப்பில் எரிகிற தீயால் அணைப்பது. அதே அடுப்புத் தீ 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் என்ன செய்தது என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மதியச் சோறு பொங்கிய தீ பக்கத்துக் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். சமைத்தவர்களின் நோக்கத்தில் குறையில்லை. அடுப்புக்கும் கீற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் இல்லை, பிள்ளைகள் இறங்க வழி போதவில்லை. வெளியே போகும் வழியை எப்போதும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேனே, அது இதனால்தான். உங்கள் மாடியில் இரண்டாவது படிக்கட்டுக் கதவைச் செருப்பு அலமாரி மறைத்துக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

எல்லையைத் தெரிந்தே உடைத்தவர்களும் உண்டு. 1968 டிசம்பர் 25 கீழவெண்மணி, ஒரே குடிசைக்குள் 44 பேர். 1981-ல் யாழ்ப்பாண நூலகம், 97,000 நூல்கள். அங்கெல்லாம் தீ கருவி மட்டும்தான். கல்யாணத்தில் எந்தத் தீயைச் சாட்சியாக வைத்தார்களோ அதையே மருமகள்மேல் வைத்துவிட்டு ‘ஸ்டவ் வெடித்தது’ என்று எழுதிக்கொடுத்த வீடுகள் எத்தனையோ. பம்ப் ஸ்டவ் வெடித்தால் தீ பெரும்பாலும் முன்பக்கம், இடுப்புக்குக் கீழே பிடித்து ஏறும். தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அது வேறு கதை. 1986-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-பி பிரிவு வந்ததும் இதனால்தான்: திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் வரதட்சணை மரணம். அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 80-வது பிரிவு. மாப்பிள்ளை தங்கமானவர், உனக்காக இதை எழுதவில்லை. மேல்மாடிப் பெண் என்றைக்காவது உன்னிடம் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேள்.

கும்பிடாத தீ ஒன்று உன் வீட்டில் இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மின்சாரம். 6 ஆம்பியர் பிளக்கில் மல்டிபிளக் செருகி 1,500 வாட் கெட்டிலும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் போட்டால் 11 ஆம்பியர் போகும். கம்பி உள்ளேயே சூடாகும், வெளியே தெரியாது. தொட்டால் சுடுகிற பிளக், பழுப்பேறிய பிளாஸ்டிக், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மாற்று. மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை வாசற்கதவுப் பக்கம் சார்ஜ் போடாதே. அது பற்றினால் நீங்கள் தப்ப வேண்டிய வழியே அடைபட்டுப் போகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

சுட்டுக்கொண்டால்: குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு ஒன்றும் வேண்டாம். (உங்கம்மா இட்லி மாவுக்கு இன்னும் வாதாடுகிறாள்.) மோதிரம், வளையல், மெட்டியை வீங்கும் முன்பே கழற்று. ஒட்டிய துணியைப் பிய்க்காதே. சுத்தமான துணியால் லேசாக மூடு, கொப்புளத்தை உடைக்காதே. பயலின் உள்ளங்கை அளவுக்கு மேல் சுட்டாலோ, முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றாலோ தண்ணீர் காட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. புடவை பற்றினால் ஓடாதே, ஓடினால் காற்று விசிறும். படுத்து உருள், முகத்தைக் கையால் மூடிக்கொள். புகை நிறைந்த அறையில் தவழ்ந்து போ, மூச்சுவிடத் தக்க காற்று தரையோடுதான் இருக்கும். லிஃப்ட் வேண்டாம்.

தீயணைப்பான் ஒன்று வாங்கி வைக்கச் சொல் மாப்பிள்ளையை. ஏபிசி பவுடர், 2 கிலோ, ஐஎஸ்ஐ முத்திரை. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் மாட்டாமல் சமையலறை வாசலில் மாட்டுங்கள், தீயைத் தாண்டிப் போய் எடுக்கிறபடி இருக்கக் கூடாது. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை தலைகீழாக்கி நாலு குலுக்கு குலுக்கு, பவுடர் அடியில் இறுகிவிடும். ஊசியை இழுத்து, 2 மீட்டர் தள்ளி நின்று, சுடரை விட்டுவிட்டு எரியும் பொருளின் அடியில் வீசி அடிக்க வேண்டும். பத்து நொடி அளவுதான் வரும், அதற்குள் அடங்காவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி 101-ஐக் கூப்பிடு. எண்ணெய்ச் சட்டிக்கு இது வேண்டாம், அழுத்தத்தில் எண்ணெய் சிதறும், மூடிதான்.

நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். செங்கல் 24, மணல் ஒரு மூட்டை சொல்லி வையுங்கள், நனையாமல் உள்ளே வைக்கச் சொல். கேஸ் ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டை போட்டோ எடுத்து அனுப்பு. 5 வருஷம் ஆகியிருந்தால் நான் வரும்போது புதிதாக வாங்கி வந்து மாட்டிவிடுகிறேன்.

பயலுக்கு முத்தம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உங்கம்மா அவள் பங்குக்கு எழுதச் சொல்கிறாள். தீப்பெட்டியும் லைட்டரும் மேல் அலமாரியில் இருக்க வேண்டுமாம், நாற்காலி போட்டு ஏறினாலும் பயல் எட்டாத இடமாக. இதில் எனக்கும் அவளுக்கும் வாதம் இல்லை.